மாமா வீட்டு மட்டன்

போன வருடம் பொங்கல் முடிந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. இடம், முகப்பேரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் இரண்டாவது தளம், என் சமையலறை. அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை என் வேலை. நாள் முழுக்க ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று பிரித்துப் போடுகிறவள். என் கண்ணுக்குத் தப்பி எதுவும் போகாது என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. அந்தத் திமிரை என் மகள் ஒரே மத்தியானத்தில் இறக்கி வைத்தாள்.

அதைச் சொல்வதற்கு முன்னால் நான் சொன்ன ஒரு பொய்யைச் சொல்லியாக வேண்டும்.

நான் பிறந்து வளர்ந்தது கள்ளிக்குப்பம். என் தாத்தா காலத்தில் எங்கள் ஆட்கள் அங்கே வயலில் கூலி வேலை செய்தவர்கள். எனக்கு விவரம் தெரிந்தபோது வயலெல்லாம் வீடாகிவிட்டது, அப்பாவும் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆனால் எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை என்றால் பன்றிக் கறிதான். அது மட்டும் மாறவே இல்லை. வாரம் முழுக்க ரசமும் கீரையும் சாப்பிட்டுவிட்டு அந்த ஒரு நாளுக்காகக் காத்துக்கொண்டிருப்போம்.

நாலாம் வகுப்பில் ஒரு திங்கட்கிழமை, டீச்சர் ஒவ்வொருவராக எழுப்பி நேற்று வீட்டில் என்ன சமையல் என்று கேட்டார். என் முறை வந்ததும் நான் பெருமையாக எழுந்து நின்று சொன்னேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் திட்டவில்லை, "சரி, உட்காரு" என்று மட்டும் சொன்னார். அன்று மத்தியானம் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற பெண் தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். அதிலிருந்து அந்தப் பள்ளியை விட்டுப் போகும்வரை எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. அதை இங்கே எழுத மாட்டேன்.

கல்யாணமாகி முகப்பேர் வந்தேன். மகள் பிறந்தாள். ஞாயிறானால் கள்ளிக்குப்பத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவோம். அண்ணனுக்குக் குழந்தை இல்லை, என் மகள்தான் அவனுக்கு எல்லாம். அவளை எல்.கே.ஜி. சேர்த்த வாரம், எனக்குத் தூக்கமே வரவில்லை. நாளைக்கு டீச்சர் இவளை எழுப்பிக் கேட்டால்? பிள்ளையிடம் "வெளியே சொல்லாதே" என்று சொன்னால் அது முதல் வேலையாகப் போய்ச் சொல்லிவிடும். அதனால் வேறு ஒன்று செய்தேன். அந்த ஞாயிறு தட்டில் கறியை வைக்கும்போது, "மட்டன் சாப்பிடு கண்ணு" என்றேன்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு பதினான்கு வருடம் அந்த வீட்டில் அது மட்டன்தான். தோல் காட்டிக்கொடுத்துவிடும் என்று, தோல் ஒட்டிய துண்டுகளை அண்ணி முன்கூட்டியே பொறுக்கி எடுத்துவிடுவார். என் கணவருக்குத் தெரியும். அண்ணனுக்கு முதலிலிருந்தே இது பிடிக்கவில்லை. "இன்னாத்துக்கு இந்த வேலை? நாம இன்னா திருடியா துன்றோம்?" என்று முணுமுணுப்பான். நான் ஒரு முறை முறைத்தால் வாயை மூடிக்கொள்வான்.

கூத்து என்னவென்றால், என் மகளுக்கு உலகத்திலேயே பிடித்த சாப்பாடு மாமா வீட்டு மட்டன். நான் வீட்டில் நிஜமான ஆட்டுக் கறி எடுத்துக் குழம்பு வைத்தால் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு உதட்டைப் பிதுக்குவாள். "மாமா வீட்டு மட்டன் மாதிரி உனக்கு ஏம்மா வரமாட்டேங்குது?" என்பாள். "அது உங்க மாமா கைப்பக்குவம்" என்று நான் சமாளிப்பேன். ஆட்டுக் கறி விற்கிற விலைக்கு இந்தப் பேச்சு வேறு.

போன வருடம் அவள் கல்லூரியில் முதலாம் ஆண்டு. சனிக்கிழமைகளில் ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். மொழியோடு அந்த ஊர்ச் சமையல் பைத்தியமும் பிடித்துக்கொண்டது. ஒரு சனிக்கிழமை சாயந்திரம் வந்து பையைக்கூட வைக்காமல் சொன்னாள்.

"ம்மா, நாளைக்கு நான் காகுனி பண்ணப் போறேன்."

"என்னடி அது?"

"ஜப்பான்ல வீட்டுக்கு வீடு பண்ணுவாங்களாம். சதுரமா வெட்டி, சாஸ்ல ரொம்ப நேரம் கொதிக்க வைக்கிறது. எங்க மேடம் சொன்னாங்க, அவங்க சாப்பிடற குச்சியாலயே பிஞ்சு வருமாம்."

"எதைச் சதுரமா வெட்டி?"

"போர்க்."

எனக்குக் கையில் இருந்த கரண்டி நழுவியது. அவள் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டாள். "நீ சாப்பிட வேணாம்மா. எனக்கு மட்டும் பண்ணிக்கிறேன். நானும் சாப்பிட்டதே இல்ல, ஒரு தடவை டேஸ்ட் பண்ணிப் பார்க்கணும்" என்று என்னைத் தேற்றினாள். சாப்பிட்டதே இல்லையாம். பதினான்கு வருட ஞாயிற்றுக்கிழமைகளை நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

என் பயம் என்னவென்று உங்களுக்குப் புரிந்திருக்கும். ஒரு வாய் வைத்தால் போதும், அவள் நாக்கு கண்டுபிடித்துவிடும். சாஸை மாற்றலாம், மசாலாவை மாற்றலாம், கறியை மாற்ற முடியுமா? அம்மா இத்தனை வருடம் ஏமாற்றியிருக்கிறாள் என்று தெரிந்தால் என்னை என்ன நினைப்பாள்? அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. நான் நாலாம் வகுப்பில் பட்ட அவமானம் இவளுக்கும் ஒட்டிக்கொள்ளுமோ, அதற்குப் பிறகு மாமா வீட்டுப் பக்கமே போகமாட்டாளோ என்று பயந்தேன்.

தட்டிக் கழிக்கப் பார்த்தேன். "அதெல்லாம் எங்க கிடைக்கும்னு யாருக்குத் தெரியும்?" என்றேன். கள்ளிக்குப்பத்தில் எந்தச் சந்தில், எந்தக் கடையில், எத்தனை மணிக்குப் போனால் நல்ல கறி கிடைக்கும் என்று கண்ணைக் கட்டி விட்டாலும் போய்ச் சேருவேன். ஆனால் அவள் அதற்குள் மாமாவுக்குப் போன் போட்டுவிட்டாள். அந்தப் பக்கம் அண்ணன், "காலீல எட்துனு வரேன் கண்ணு" என்றது எனக்கும் கேட்டது.

மறுநாள் எட்டு மணிக்கு அண்ணன் வந்தான். அண்ணனூர் ரயில் ஷெட்டில் அவனுக்கு அன்று டூட்டி, அதற்கு முன்னால் இதற்காகவே சுற்றிக்கொண்டு வந்திருந்தான். பையைத் திறந்து ஒரே துண்டாகக் கறியை மேடையில் வைத்தான். தோல், அதன் கீழே கொழுப்பு, அதன் கீழே கறி, மறுபடி கொழுப்பு, மறுபடி கறி என்று வரிவரியாக இருந்தது. என் வீட்டுச் சமையல் மேடையில் அந்தக் கறியை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எனக்கு என்னவோ போல் இருந்தது.

"வவுத்துப் பக்கமா கேட்டு வாங்கினு வந்தேன். நல்லா கீதா பாரு" என்றான் மகளிடம். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே, "மட்டன் இல்ல பாப்பா, இது பன்னி" என்று ஒரு சிரிப்பு வேறு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "நேரமாச்சு, நீ கிளம்புண்ணா" என்று வாசல் வரை கொண்டுபோய் விட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டே மெதுவாக, "இன்னிக்காச்சும் சொல்லிடு" என்றான்.

சமையலை ஆரம்பித்தோம். நான் ஒதுங்கி நின்று வேடிக்கை மட்டும் பார்ப்பதாகத்தான் முடிவு. ஆனால் என் கை சும்மா இருக்குமா? தோலைத் தடவிப் பார்த்தேன், அங்கங்கே முடி குத்தியது. அடுப்பைப் பற்றவைத்து, இடுக்கியால் கறியைப் பிடித்துத் தோல் பக்கத்தைத் தீயில் காட்டி, கத்தியைச் சாய்த்து வைத்துச் சரசரவென்று சுரண்டி, வெந்நீர் விட்டுக் கழுவி வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"ஆட்டுக்கால் சுடறதில்லையா, அந்த மாதிரிதான்."

"ஆட்டுக்காலை நீ கடையிலயே சுட்டுத்தானே வாங்குவ" என்றாள். நான் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவ ஆரம்பித்தேன்.

அவள் செல்போனில் எழுதி வைத்திருந்த முறையைப் படித்தாள். முதல் வேலை, கறியை முழுசாக அரிசி கழுவிய தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் வேகவைக்க வேண்டுமாம். அப்போதுதான் கவிச்சி போய், கொழுப்பும் பதமாகுமாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் தெருவில் எல்லாரும் செய்தது அதுதான். ஞாயிறு காலை அரிசி களைந்த தண்ணீரை யாரும் கொட்ட மாட்டார்கள், கறியை அதில் ஒரு கொதி விட்டு இறுத்துவிட்டுத்தான் மசாலாவில் போடுவோம். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததாக நினைவில்லை. கடல் தாண்டி எங்கேயோ இருக்கிற ஊரில், எங்களைப் பற்றிக் கேள்வியே படாத ஒரு பொம்பளையும் அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டாமல் எடுத்து வைத்து அதிலேயே இந்தக் கறியைப் போட்டிருக்கிறாள். அந்த நேரத்தில் எனக்கு ஏற்பட்ட பிரமிப்பைச் சொல்லத் தெரியவில்லை. வாயைத் திறந்து மகளிடம் சொல்லவும் வழியில்லை.

தண்ணீர் கொதித்தது. வாசனை கிளம்பியது. அது அப்படியே அண்ணன் வீட்டு ஞாயிற்றுக்கிழமை வாசனை. நான் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தேன், மின்விசிறியைப் போட்டேன், ஊதுபத்திகூட ஏற்றினேன். மகள் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு முறை மட்டும் தலையை நிமிர்த்தி மூக்கை உறிஞ்சினாள். பிறகு குனிந்துகொண்டாள். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

வெந்த கறியைக் கழுவி, தீப்பெட்டி அகலத்துக்குச் சதுரம் சதுரமாக வெட்டினாள். வேறு பாத்திரத்தில் தண்ணீர், சோயா சாஸ், நாட்டுச் சர்க்கரை, இஞ்சி வில்லைகள். அரிசியில் செய்த ஒரு மதுவும் சேர்ப்பார்களாம், அதை விட்டுவிட்டோம். முள்ளங்கியை வட்ட வட்டமாக நறுக்கிச் சேர்த்தாள். முட்டை வேகவைத்து உரித்துக் கடைசியில் போடுவதற்கு எடுத்து வைத்தாள். சாம்பார் முள்ளங்கி ஜப்பானுக்குப் போன கதையைப் பார் என்று கேலி செய்தேன்.

"குக்கர்ல போட்டு நாலு விசில் விட்டா முடிஞ்சுது. எதுக்குடி இவ்ளோ நேரம் கேஸை எரிக்கிற?"

"விசில் கிடையாதும்மா. சின்னத் தீ, ஒன்றரை மணி நேரம். அடிக்கடி கிண்டக் கூடாது. மூடியும் பாத்திரத்து மேல இல்ல, கறி மேலயே படணும்."

கறி மேலேயே படுகிற மூடிக்கு எங்கே போவது? ஒரு சின்ன எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து உள்ளே இறக்கினோம். தட்டு குழம்புக்குள் லேசாக ஆடிக்கொண்டே டிக்டிக் என்று சத்தம் போட்டது. எதையும் கிண்டாமல், திறக்காமல் ஒன்றரை மணி நேரம் சும்மா இருப்பது எனக்குப் பெரிய தண்டனை.

பன்னிரண்டரை இருக்கும், அழைப்பு மணி அடித்தது. எதிர் வீட்டுப் பெண். திருச்சிப் பக்கத்திலிருந்து வேலைக்காக இங்கே வந்த குடும்பம், கணவன் மனைவி இருவரும் ஐ.டி. நல்ல மாதிரி, பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்து வாங்குகிற பழக்கம்.

"என்னக்கா, வாசனை எங்க ஹால் வரைக்கும் வருது. என்ன ஸ்பெஷல்?"

"சிக்க..." என்று நான் வாயெடுப்பதற்குள் மகள் பின்னாலிருந்து, "போர்க் ஆன்டி" என்றாள்.

அந்தப் பெண்ணின் முகம் ஒரு நொடி சுருங்கியது. அந்தச் சுருக்கம் எனக்குப் பழக்கமானது. நாலாம் வகுப்பில் டிபன் பாக்ஸோடு எழுந்து போன முகத்தில் இருந்ததும் அதேதான். "ஜப்பானீஸ் டிஷ் ஆன்டி, எங்க கிளாஸ்ல சொன்னாங்க" என்று மகள் சேர்த்துச் சொன்னாள். உடனே முகம் விரிந்துவிட்டது.

"ஓ, ஜப்பானீஸா? நான்கூட என்னமோ நினைச்சேன். அவங்கன்னா ரொம்ப சுத்தமா பண்ணுவாங்க. எனக்கும் ரெண்டு பீஸ் குடுடா, டேஸ்ட் பண்ணிப் பார்க்கிறேன்."

கதவைச் சாத்திவிட்டு வந்து அடுப்பின் முன்னால் நின்றேன். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. அதே கறி. என் அண்ணன் வாங்கிவந்த, நான் முடி சுரண்டிக் கழுவிய, எங்கள் தெருவில் செய்வது போலவே அரிசித் தண்ணீரில் வேகவைத்த கறி. அதற்கு ஜப்பான் என்று ஒரு சட்டையை மாட்டிவிட்டால் சுத்தம். இல்லாவிட்டால் "என்னமோ". ஆனால் கோபம் ஆறியதும் ஒன்று உறைத்தது. பதினான்கு வருடமாக நான் செய்ததும் வேறென்ன? நான் மாட்டிய சட்டைக்குப் பெயர் மட்டன்.

இரண்டு மணிக்குத் தட்டைத் தூக்கினோம். நான் எத்தனையோ ஞாயிறு பன்றிக் கறி சமைப்பதைப் பார்த்தவள், ஆனால் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு சதுரமும் கருஞ்சிவப்பாக, கண்ணாடி போல் பளபளவென்று, கரண்டியால் தொட்டால் அல்வா மாதிரி ஆடியது. கொழுப்பு வெள்ளையாகத் தெரியவில்லை, உள்ளே விளக்குப் போட்டதுபோல் இருந்தது. ஆவடிக்கு வேலைக்குப் போயிருந்த என் கணவருக்குக் காட்ட மகள் போட்டோ எடுத்தாள்.

சுடச்சுடச் சாதம், அதன் மேல் இரண்டு துண்டு, பாதி முட்டை, முள்ளங்கி, கொஞ்சம் குழம்பு. குச்சியால் அழுத்தினாள், கறி தானாகப் பிரிந்தது. வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனியில் எத்தனையோ பெரிய அதிகாரிகள் வந்து என் வேலையைச் சோதித்திருக்கிறார்கள், அப்போதெல்லாம் எனக்கு இப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை.

இரண்டாவது வாய் சாப்பிட்டாள். குச்சியைக் கீழே வைத்தாள்.

"ம்மா, இது மாமா வீட்டு மட்டன்."

"அதெப்படி? இதுல சோயா சாஸ், சர்க்கரை..."

"சாஸ் இல்லம்மா. உள்ள. இந்தக் கொழுப்பு." விரலால் அதைத் தொட்டுக் காட்டினாள். "அரிசித் தண்ணில கொதிக்கும்போதே ஒரு மாதிரி இருந்துச்சு. நீ ஊதுபத்தி ஏத்தினப்போ இன்னும் டவுட் ஆச்சு. நீ என்னிக்கும்மா சமைக்கும்போது ஊதுபத்தி ஏத்தியிருக்க?"

என் கண்ணுக்குத் தப்பி எதுவும் போகாது என்று சொன்னேன் அல்லவா, அவள் கண்ணுக்கும் போகாது. யார் பெற்ற பிள்ளை?

"எத்தனை வருஷமா?" என்றாள்.

"நீ எல்.கே.ஜி. சேர்ந்ததுலேர்ந்து."

"அப்பாவுக்குத் தெரியுமா? மாமா, அத்தை எல்லாருக்கும்?"

"தெரியும்."

"எனக்கு மட்டும்தான் தெரியாது."

கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன், அது எனக்குக் கைவந்த கலை. அவள் கத்தவில்லை. தட்டை மட்டும் லேசாகத் தள்ளி வைத்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து நாலாம் வகுப்புக் கதையைச் சொன்னேன். யாரிடமும் சொல்லாத கதை. என் கணவரிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போன பெண்ணைப் பற்றிச் சொல்லும்போது, நாற்பது வயதைத் தாண்டிய நான், சின்னப் பிள்ளை போல் அழுதேன். "என்ன பேர் வெச்சுக் கூப்பிட்டாங்க?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

என்னைக் கட்டிப்பிடித்தாள், மன்னித்துவிட்டேன் என்றாள் என்று நினைக்காதீர்கள், அப்படியெல்லாம் எதுவும் நடக்கவில்லை. போனை எடுத்து மாமாவை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாமா, இத்தனை வருஷம் நீ எனக்குப் போட்டது பன்னிதானே?"

பின்னால் ரயில் பெட்டி நகர்கிற சத்தம் கேட்டது. "ஆமா கண்ணு" என்றான் அண்ணன். "கோவமா கீறியா?"

"அம்மா மேல கோவம். உன் மேல இல்ல. நீ ஏன் மாமா சொல்லல?"

"உங்கம்மா பயந்துச்சு. அது பட்ட கஷ்டம் அதுக்குத்தான் தெரியும். ஆனா எனக்கு ஒரு மாரிதான் இருந்துது கண்ணு. என் ஊட்ல, என் கைல ஆக்கி, உனக்கு ஊட்டுறேன். அத்த இன்னான்னு சொல்லிக் குடுக்க முடில பாரு. நீ நல்லாகீதுன்னு சொல்லும்போதுலாம், அந்தப் பேரு ஆட்டுக்குப் போவுதே, எனக்கு வரலியேன்னு தோணும்."

எனக்கு அது இடி மாதிரி இறங்கியது. பதினான்கு வருடமாக நான் யாரைக் காப்பாற்றினேன், மகளையா, என்னையா என்பது ஒரு பக்கம். அண்ணனைப் பற்றி நான் ஒரு நாள்கூட யோசிக்கவே இல்லை. அவன் வீட்டில் உட்கார்ந்து, அவன் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டே, அது வெளியே சொல்ல லாயக்கில்லாதது என்று ஒவ்வொரு ஞாயிறும் அவன் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன். அவன் சிரித்துக்கொண்டே அடுத்த கரண்டி போட்டிருக்கிறான்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் வரேன் மாமா. தோல் பீஸும் எனக்கு வேணும், அத்தைகிட்ட சொல்லு" என்றாள். அந்தப் பக்கம் அண்ணன் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. "டூட்டில கீறேன், வெச்சிர்றேன்" என்று துண்டித்துவிட்டான்.

இத்தோடு முடிந்திருந்தாலே எனக்கு அது மறக்க முடியாத நாள்தான். மகள் எழுந்து ஒரு கிண்ணத்தை எடுத்தாள். நாலு சதுரம் வைத்து, குழம்பு ஊற்றி, மேலே வெங்காயத்தாள் தூவினாள்.

"எதிர் வீட்டு ஆன்டி கேட்டாங்கல்ல?"

"குடுத்துட்டு வா" என்றேன். கதவைத் திறந்துவைத்துவிட்டுப் போனாள். நான் கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன், அங்கிருந்து எல்லாம் கேட்கும்.

எதிர் வீட்டுப் பெண் கதவைத் திறந்து, "வாவ், ஹோட்டல் மாதிரி இருக்கே" என்று கையை நீட்டினார். மகள் உடனே கிண்ணத்தைக் கொடுக்கவில்லை.

"ஆன்டி, ஒண்ணு சொல்லணும். ஜப்பான்லேர்ந்து வந்தது சாஸ் மட்டும்தான். கறி எங்க மாமா கள்ளிக்குப்பத்துலேர்ந்து வாங்கிட்டு வந்தது. எங்கம்மாதான் சுத்தம் பண்ணாங்க. நாங்க வாரா வாரம் எங்க மாமா வீட்ல இதைத்தான் சாப்பிடுவோம். எங்க தாத்தா காலத்துலேர்ந்து எங்க சாப்பாடே இதுதான். தெரிஞ்சு சாப்பிடுங்க, வேணாம்னாலும் பரவால்ல, நான் தப்பா நினைக்க மாட்டேன்."

குரல் உயரவில்லை. சண்டைக்குப் போகிற தொனியும் இல்லை. கடைக்குப் போகிறேன், ஏதாவது வேண்டுமா என்று கேட்பது போல் சொன்னாள். ஆனால் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்த மூன்றாம் மாடிக்காரரும் நின்று கேட்டார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். முப்பது வருடத்துக்கும் மேலாக நான் எந்த வார்த்தைக்குப் பயந்து ஓடினேனோ, அதை என் பிள்ளை என் வீட்டு வாசலிலேயே நின்று சொல்லிவிட்டாள். ஒன்றும் இடிந்து விழவில்லை. ஓடிப்போய் அவளை உள்ளே இழுக்க வேண்டும் என்றும் தோன்றியது, காலில் விழ வேண்டும் என்றும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

அந்தப் பெண் கிண்ணத்தையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "அப்படியா" என்றார். கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். சாப்பிட்டாரா, குப்பையில் போட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மறுநாள் கிண்ணம் கழுவித் திரும்பி வந்தது. எப்போதும் நாலு முறுக்காவது போட்டுத்தான் திருப்பித் தருவார், அன்று ஒன்றுமில்லை. இப்போதும் பார்த்தால் சிரிக்கிறார், ஆனால் பழைய மாதிரி நின்று பேசுவதில்லை. முன்பென்றால் நான் அதை நினைத்தே உருகியிருப்பேன். இப்போது கொஞ்சம் வருத்தம் இருக்கிறது, அவ்வளவுதான்.

உள்ளே வந்த மகள், "சோறு ஆறிப்போச்சு, உட்காரும்மா" என்றாள். இருவரும் மறுபடி சுடவைத்துச் சாப்பிட்டோம். என் வீட்டில், என் மேஜையில், ஜன்னல் எல்லாம் திறந்து கிடக்க நான் அந்தக் கறியைச் சாப்பிட்டது அன்றுதான் முதல் தடவை. உப்பும் இனிப்புமாக, வாயில் வைத்ததும் கரைந்தது. ஆனால் ருசியைவிட எதிரில் உட்கார்ந்திருந்தவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தைரியம் இவளுக்கு எங்கிருந்து வந்தது? நான் கொடுத்ததில்லை, என்னிடம் இருந்தால்தானே கொடுக்க. ஒளித்து ஒளித்து வளர்த்த பிள்ளைக்குள் ஒளிக்கத் தெரியாத ஒரு மனுஷி வளர்ந்து நிற்கிறாள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

என்மேல் அவளுக்கு இருந்த கோபம் ஆற ஒரு மாதம் ஆனது. இன்றும் நான் ஆட்டுக் கறிக் குழம்பு வைத்தால், "இது நிஜ மட்டனா?" என்று கேட்டுவிட்டுத்தான் தட்டை எடுக்கிறாள். வேண்டும்தான் எனக்கு.

இந்த அனுபவத்தை எழுதிப் பார் என்று தூண்டியதும் அவள்தான். எழுதி முடித்து அவளிடம் காட்டினேன். முழுதும் படித்துவிட்டு, "எல்லாம் சரிம்மா, கீழ உன் பேரைப் போடலியே?" என்றாள். எவ்வளவு பெரிய கேள்வியை எவ்வளவு சாதாரணமாகக் கேட்டுவிட்டாள் என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகள் ஒரு நிமிடத்தில் தாண்டிய வாசலுக்கு இப்போதுதான் நடக்க ஆரம்பித்திருக்கிறேன், பெயர் போடும் தைரியம் வர இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.